பிளக் பாயின்ட் சூடாகிறதா? ‘டிரிப்’ ஆகும் என்று காத்திருக்க வேண்டாம்!

மார்கழி மாத அதிகாலை. ஒரகடத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல் வயலை ஒட்டியே லைன் வீடுகள் நிற்கின்றன. ஏ ஷிஃப்ட்டுக்குக் கிளம்புபவர், வாளித் தண்ணீரில் ஹீட்டர் ராடைப் போடுகிறார். இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவர், அதே பாயின்ட்டில் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகுகிறார். இடையில் அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர். ஆட்கள் மாறுகிறார்கள். பிளக் பாயின்ட் மட்டும் ஓய்வதே இல்லை.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த பல குடும்பங்களுக்கு வாடகையும் ஒரு வருமானமானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அதன் பிறகும், கிராமத்து வீடுகளில் அறை எடுத்துத் தங்குபவர்கள் ஏராளம். ஒரு குடும்பம் நான்கு விளக்கும் இரண்டு ஃபேனும் போட்டுக்கொள்ள இழுத்த வயரில், இன்று நான்கு அறைகளின் சமையல் நடக்கிறது. இந்தச் சுமை முதலில் தன்னைக் காட்டிக்கொள்வது பிளக் பாயின்ட்டில்தான்.

அனல் எங்கிருந்து வருகிறது?

சாதாரண சிறிய பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. பெரிய ‘பவர் பாயின்ட்’ 16 ஆம்பியருக்கானது. வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் தெரிந்துவிடும். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். 1,500 வாட் ஹீட்டர் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். ஆக, ராடும் அடுப்பும் சிறிய பாயின்ட்டுக்குரியவை அல்ல.

அதைவிடப் பெரிய எதிரி, தளர்ந்த இணைப்பு. பலமுறை செருகிப் பிடுங்கியதில் பாயின்ட்டின் உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகள் விரிந்துவிடும். அல்லது பின்பக்க ஸ்க்ரூ தளர்ந்துவிடும். அந்த இடத்தில் வெறும் 0.3 ஓம் தடை உண்டானால்கூட, 8.7 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 23 வாட் வெப்பம் அங்கேயே பிறக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சிறிய சால்டரிங் அயர்னின் சூடு அது. சூடு ஏற ஏற உலோகம் கருகும். கருகக் கருகத் தடை கூடும். தடை கூடினால் இன்னும் சூடு.

எம்.சி.பி. ஏன் விழுவதில்லை?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். ‘ஆபத்து என்றால் எம்.சி.பி. விழுந்துவிடுமே’ என்று நினைக்கிறார்கள். எம்.சி.பி.க்குத் தெரிந்ததெல்லாம், வயரில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடுகிறதா என்பது மட்டும்தான். தளர்ந்த இணைப்பில் ஓடுவது அதே 8.7 ஆம்பியர்தான். அதனால் பாயின்ட் உருகிக்கொண்டிருந்தாலும் எம்.சி.பி. அப்படியே நிற்கும். ஆர்.சி.சி.பி. என்பது மின்கசிவைப் பார்த்து உயிரைக் காக்கும் கருவி. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு அவசியம். ஆனால் கசிவு இல்லாத வெறும் சூட்டை அதுவும் கண்டுகொள்ளாது.

ஆகவே, இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க வீட்டில் இருப்பவர்களின் கண்ணும் மூக்கும் காதும்தான் கருவி. பாயின்ட்டின் துளை ஓரம் பழுப்பேறுவது, மீன் கவிச்சிபோலவோ பிளாஸ்டிக் தீய்ந்ததுபோலவோ வாடை, ‘சிர்ர்’ என்ற சத்தம், பிளக் தானாகச் சரிவது, பிடுங்கிய பிளக்கின் பின்கள் கை வைக்க முடியாமல் சுடுவது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பாயின்ட்டை அன்றே நிறுத்த வேண்டும்.

மாற்றுவது எப்படி?

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பாயின்ட்டின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள். அங்கே சுவிட்ச் அணைந்திருந்தாலும் பாயின்ட்டில் கரன்ட் இருக்கும். கருகிய பாயின்ட்டின் ஸ்க்ரூவை முடுக்கி மீண்டும் ஓட்டுவது பயன் தராது. சூடுபட்ட பித்தளை பிடிமானத்தை இழந்திருக்கும். பிளக்கின் பின்கள் கருத்திருந்தால் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பழைய பிளக் புதிய பாயின்ட்டையும் கெடுத்துவிடும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பாயின்ட்டையே வாங்க வேண்டும். கருகிய வயர் நுனியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு இணைக்க வேண்டும். ராடு, அடுப்பு ஆகியவற்றுக்கு 16 ஆம்பியர் பாயின்ட்டும், மெயின் போர்டிலிருந்து தனியாகக் குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு வயரும் தேவை. மெல்லிய பழைய வயரில் பெரிய பாயின்ட்டை மாட்டினால், சூடு பாயின்ட்டிலிருந்து சுவருக்குள் இடம் மாறும். அவ்வளவுதான். இதை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

மோட்டார் கொட்டகையிலும் இதே கதைதான். ஸ்டார்ட்டரிலோ ஃப்யூஸ் கட்டையிலோ ஒரு இணைப்பு தளர்ந்து கருகினால், மும்முனையில் ஒரு முனை போய்விடும். மீதி இரண்டு முனைகளில் ஓடும் மோட்டாரின் காயில் எரிந்துவிடும். வீட்டில் 100 ரூபாய் வேலையைத் தள்ளிப்போடுவதும், கிணற்றில் மோட்டாரை இழப்பதும் ஒரே அலட்சியத்தின் விளைவுகள்.

வாசகர் கேள்விகள்

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. தடித்த வயராகப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. ஃப்யூஸ்தான் முதலில் எரிய வேண்டும். அது எரியாவிட்டால் சுவருக்குள் இருக்கும் வயர் எரியும். சுமையைப் பிரித்துத் தனி வயர் இழுப்பதுதான் தீர்வு.

எர்த் இல்லாத பாயின்ட்டில் எர்த் துளையை நியூட்ரலோடு சேர்த்துவிடலாமா?

உயிருக்கு ஆபத்து. நியூட்ரல் எங்காவது அறுந்தால், கிரைண்டர், ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் உலோக உடல் முழுவதும் கரன்ட் ஏறிவிடும். எர்த்துக்குத் தனிக் குழியும் தனி வயரும் வேண்டும். கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் சுமை அதிகம். விவசாய இணைப்பிலிருந்து வாடகை அறைகளுக்கு வயர் இழுக்கலாமா?

விவசாயத்துக்குக் கொடுத்த மின்சாரத்தை வேறு பயனுக்கு எடுப்பது, 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் வரும் அங்கீகாரமற்ற பயன்பாடு. அபராதம் கட்ட நேரிடும். வீட்டு இணைப்பின் சுமையை உயர்த்தக் கேட்டு மின்வாரியத்தில் விண்ணப்பிப்பதே வழி.

பாயின்ட்டில் தீப்பிடித்தால்?

தண்ணீரை ஊற்றக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு, உலர்ந்த மணலைப் போடலாம். ஒருவருக்குக் கரன்ட் பிடித்திருந்தால் அவரைக் கையால் தொடக் கூடாது. முதலில் மெயின். அது முடியாதபோது, உலர்ந்த கட்டையால் விலக்க வேண்டும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மீட்டருக்கு வெளியே, மின்கம்பத்தில் பழுது என்றால் ‘மின்னகம்’ எண் 94987 94987.

வாடகை வாங்கும் நாளில் ஒவ்வொரு அறைக்கும் போகத்தான் போகிறார்கள். அப்போது அங்கிருக்கும் பிளக் பாயின்ட்டையும் ஒரு கண் பார்த்துவிட்டு வருவது நல்லது. பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட்டு, எங்கோ ஒரு ஊரில் ஒரு குடும்பம் அந்த அறையை நம்பித்தான் இருக்கிறது.