விடியக்காலை 4 மணிப் படிப்பு

பொதுத்தேர்வு வந்தாலே பிள்ளையை 4 மணிக்கு எழுப்பி, டீ கொடுத்து உட்கார வைப்பது நம்மூர் வழக்கம். அது புத்தகத்து மேலேயே தூங்கி விழும். சோம்பேறின்னு திட்டாதீங்க. பதின்வயதில், தூக்கம் வரவைக்கும் மெலடோனின் இரவில் 1-2 மணி நேரம் தாமதமாகத்தான் சுரக்கிறது. அதனால் 11 மணிக்கு முன் தூக்கம் வருவது கஷ்டம். தேவையோ 8 முதல் 10 மணி நேரம். 4 மணிக்கு எழுப்பினால் கிடைப்பது வெறும் 5. படித்தது மூளையில் பதிவதும் தூக்கத்தில்தான்.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2014-லேயே, பதின்வயதினர் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது இதனால்தான்.

அந்த விடியக்காலைப் படிப்பை ராத்திரி 9 மணிக்கு மாத்திடுங்க. புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைச் சொல்லிப் பார்க்கட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட அது மனசில் நிற்கும். சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம்.