மேலதிகாரியின் கொடுமையும் ராஜிநாமாக் கடிதமும்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்ற மூத்தோர் வாக்கை வேதவாக்காகக் கொண்டு, ஒரு குடும்பத்தின் கௌரவத்தை அதில் உள்ளவர் பார்க்கும் வேலையைக் கொண்டே நிர்ணயித்து வந்த மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும், இன்று எத்தனையோ வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே பிரச்சினைதான் விவாதிக்கப்படுகிறது. மேலதிகாரியின் வசவையும், முடிக்க இயலாத கெடுவையும், நள்ளிரவில் வரும் தொலைபேசி அழைப்பையும் இன்னும் பொறுத்துக்கொண்டிருப்பதா, அல்லது நாளைக்கே பேப்பர் போட்டுவிடுவதா? ஒரு புறம் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பெற்றோரின் மருந்துச் செலவும் நிற்க, மறு புறம் தூக்கமின்மையும் அவமானமும் நிற்க, நடுவில் அகப்பட்ட ஊழியர் ஆத்திரத்தில் ஒரு நாள் கடிதத்தை நீட்டிவிடுகிறார், அல்லது பயத்தில் வருஷக் கணக்காக அதைத் தள்ளிப்போடுகிறார். ஆத்திரமும் பயமும் தீர்மானிக்க விடாமல், விவேகத்தைக் கொண்டு இந்த முடிவை எடுப்பது சாத்தியமே என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் தெளிய வேண்டியது, நமக்கு வாய்த்திருப்பவர் கண்டிப்பானவரா, கொடுமைக்காரரா என்பது. கண்டிப்பானவர் வேலையில் உள்ள குறையைச் சுட்டுவார். கொடுமைக்காரர் வேலை செய்தவருடைய படிப்பையும் ஊரையும் உச்சரிப்பையும் பத்துப் பேர் முன்னிலையில் இழிவுபடுத்துவார். கண்டிப்பானவர் கெடு விதித்தால் அதை நிறைவேற்றும் மார்க்கத்தையும் சொல்லித் தருவார். கொடுமைக்காரர் திங்கட்கிழமை ஒன்றைச் சொல்லி, புதன்கிழமை அதை மாற்றி, வெள்ளிக்கிழமை ஏன் முடியவில்லை என்று கர்ஜிப்பார். நல்ல மேலதிகாரி எப்படி இருக்கக்கூடும் என்பதற்குச் சென்னையே சாட்சி சொல்லும். 1912 மார்ச் முதல் தேதி, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்த ஸ்ரீநிவாச ராமானுஜனுக்கு மேலே எஸ். நாராயண ஐயரும், அவருக்கும் மேலே சர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும் இருந்தார்கள். அந்த இளைஞரின் கணித ஞானத்தை உணர்ந்து, அதற்கு ஆதரவு தேடுவதைத் தங்கள் கடமையாகக் கொண்ட அவ்விருவருடைய பிரயாசையும் துணை நின்றதனாலேயே, 1913 மே மாதம் சர்வகலாசாலையின் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அவருக்குக் கிட்டியது.

அடுத்தபடியாகச் சோதிக்க வேண்டியது சரீரத்தை. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாத அபாயம் 35 சதவிகிதமும், இருதய நோயால் மரணமடையும் அபாயம் 17 சதவிகிதமும் அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் சேர்ந்து 2021-ல் அறிவித்தன. 2024-ல் புணே நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த நாலே மாதத்தில் இறந்துபோன, கேரளத்தைச் சேர்ந்த 26 வயது ஆடிட்டர் பெண்ணின் தாயார், ஓய்வில்லாத வேலைச் சுமையே தம் மகளை வாட்டியது என்று அந்த நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய கடிதம் தேசம் முழுவதையும் கலங்கச் செய்தது. நிறுவனம் அதை மறுத்த போதிலும், அக்கடிதத்தைப் படித்த தாய் தந்தையர் பலரும் தங்கள் பிள்ளைகளை நினைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையானதும் நெஞ்சு படபடப்பதும், தூக்கமும் பசியும் கெடுவதும், வீட்டாரிடம் காரணமின்றி எரிந்து விழுவதும் சோம்பலின் லட்சணங்கள் அல்ல, அவை எச்சரிக்கைகள்.

மூன்றாவது கேள்வி, இந்தக் கொடுமை எனக்கு மாத்திரந்தானா என்பது. இதற்கு விடை காண நூறு வருஷத்துக்கு முந்தைய சென்னைக்குப் போக வேண்டும். பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் மேலதிகாரிகளின் முரட்டு நடத்தையாலும், சாப்பிடக்கூடப் போதாத மதிய இடைவேளையாலும் மனம் நொந்த தொழிலாளர் தனித் தனியே வேலையை விட்டிருந்தால், மறு நாளே வேறு ஏழைகள் அந்த இடங்களில் நின்றிருப்பார்கள். ஆலையில் ஒரு மாறுதலும் நேர்ந்திராது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும், அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்தவரும் அன்னி பெசன்ட் அம்மையாரின் சகாவுமான பி. பி. வாடியாவைத் தேடிச் சென்று முறையிட்டதன் பயனாக, 1918 ஏப்ரல் 27-ம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் உபதலைவர்களில் ஒருவரான திரு.வி.க., முந்தின வருஷந்தான் இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியின் தமிழாசிரியர் பதவியைத் துறந்து 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியராக வந்தவர். ஒரு வேலையை விடுவதும், வேலையிலிருந்தபடியே உரிமை கேட்பதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பதற்கு அவருடைய ஜீவியமே உதாரணம். சங்கத்தார் கதவடைப்பையும் நீதிமன்ற வழக்கையும் தாங்கி நின்றார்கள். இத்தகைய போராட்டங்களுக்குப் பிறகே தேசத்தில் தொழிற்சங்கச் சட்டம் 1926-ல் வந்தது.

வேலையை விடுவது எல்லோருக்கும் ஒன்றுபோல் சுலபமும் அல்ல. தியாகராய நகரத்து ரங்கநாதன் தெருவிலும் அதைச் சுற்றிலும் உள்ள கடைகளில் நாள் முழுதும் நின்றபடியே துணி விரித்துக் காட்டும் இளம் பெண்களையும் பிள்ளைகளையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களில் பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்து, முதலாளி தந்த விடுதியில் படுத்து, அவர் போடும் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர்கள். வேலையை விட்டால் அன்று இரவே கூரையையும் சோற்றையும் இழப்பவர்கள். 2010-ல் வெளிவந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' அவர்கள் வாழ்க்கையைத் திரையில் காட்டியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபை, 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, சமயம் கிடைக்கும்போது ஊழியர் உட்கார்ந்துகொள்ள ஆசனம் தர வேண்டும் என்று விதித்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதை நினைக்கையில், 'பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போவதுதானே' என்று சுலபமாகச் சொல்லிவிடுபவர்கள் எத்தனை தூரம் உண்மையை அறியாதவர்கள் என்பது புலனாகும். மயிலாப்பூர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் பயிலும் இளைஞரும் நினைத்த மாத்திரத்தில் வேறு இடம் மாற இயலாது; பட்டயக் கணக்காளர் கழகத்தின் விதிகள் குறுக்கே நிற்கும். தரமணிக் கணினி நிறுவனங்களில் இருப்பவர்களுக்குச் சங்கம் கூடாது என்று நெடுநாள் நிலவிய எண்ணமும் தவறு. அத்துறை தொழிற் சட்டங்களுக்கு விலக்கானதல்ல என்றும், அவர்களும் சங்கம் அமைக்கலாம் என்றும் தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

ஆகவே கடிதம் எழுதுமுன் பரிகாரங்களை ஒவ்வொன்றாகப் பரீட்சித்துப் பார்ப்பது நலம். நடந்ததைத் தேதியோடும் சாட்சியோடும் எழுதி வைத்து, மேலதிகாரிக்கு மேலே உள்ளவரிடமோ எச்.ஆர். பிரிவிடமோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்க வேண்டும். மேற்படி 1947-ம் வருஷத்துச் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டி, மிகை நேரத்துக்கு இரு மடங்கு கூலி விதிக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் தொல்லையை விசாரிக்க 2013-ம் வருஷத்துச் சட்டப்படி உள் விசாரணைக் குழு இருந்தே தீர வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 'நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ' என்று நிர்ப்பந்தித்து நீட்டப்படும் காகிதத்தில், நிர்வாகம் தானே நீக்கினால் கிடைக்கக்கூடிய பாதுகாப்பையெல்லாம் பறிகொடுக்கும்படி, யாரும் அவசரப்பட்டுக் கையெழுத்திடலாகாது.

இவ்வளவுக்குப் பிறகும் விலகுவதே சரியென்று தோன்றினால், தயக்கமின்றி, ஆனால் ஒழுங்காக விலக வேண்டும். குடும்பச் செலவுக்கு ஆறு மாதத் தொகை கைவசம் இருப்பதும், கூடுமானால் வேறொரு வேலை நிச்சயமாயிருப்பதும் மனத்துக்குத் தைரியம் தரும். ஐந்து வருஷம் பூர்த்தியாகும் தறுவாயில் இருக்கும் நிரந்தர ஊழியர், ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் வீதம் சேரும் கிராஜுவிட்டியை இழந்துவிடாமல், தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தாமே விலகினாலும் அது அவருக்குச் சேர வேண்டிய பணமே. கடிதத்தில் வசைமொழி வேண்டாம். நோட்டீஸ் காலத்தை முடித்து, ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். மனம் மாறினாலும் வழி அடைபட்டுவிடாது: நிர்வாகத்தின் இசைவு ஊழியருக்குத் தெரிவிக்கப்படுமுன் ராஜிநாமாவை அவர் வாபஸ் பெறலாம் என்று, கொங்கன் ரயில்வே ஊழியர் ஒருவருடைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் வேலையில் அமர்த்தச் சொன்னது.

ஆனால் இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உடனே வெளியேற வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. கை நீட்டி அடிக்கும் இடத்திலும், மானத்துக்குப் பங்கம் நேரும் இடத்திலும், பொய்க் கணக்கில் கையெழுத்திடச் சொல்லும் இடத்திலும், 'செத்துப்போனால் தேவலை' என்ற எண்ணம் தலைதூக்கும் நிலையிலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. கடைசியாகச் சொன்ன நிலையில் இருப்பவர்கள், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம்.

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மகனோ மருமகளோ வேலையை விட வேண்டும் என்று வாய் திறந்தால், எங்கள் காலத்தில் நாங்கள் படாததா என்று ஆரம்பிக்காதீர்கள். நன்றாகத் தூங்குகிறாயா, அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரையில் இருந்து கேளுங்கள். பிறர் மீது அதிகாரம் பெற்றிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பிரிவிலிருந்து திறமைசாலிகள் ஒருவர் பின் ஒருவராக விலகிக்கொண்டிருந்தால், குறையை அவர்களிடம் தேடுமுன் உங்கள் நடத்தையைச் சோதித்துப் பாருங்கள். சம்பளம் கொடுப்பவர் வாங்குவது ஊழியரின் உழைப்பை மட்டுமே; அவருடைய ஆரோக்கியத்தையும் சுயமரியாதையையும் கேட்க எந்த ஸ்தாபனத்துக்கும் உரிமை கிடையாது.