போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுக்கிறார்களா? எஃப்.ஐ.ஆர். முதல் மாஜிஸ்திரேட் வரை என்னென்ன வழிகள்?

தருமபுரி மாவட்டம், அரூர் அருகே சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தல் சோதனை என்று சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் இந்தப் பழங்குடி கிராமத்துக்குள் நுழைந்தார்கள். மக்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பாதிக்கப்பட்ட பெண்களும் குழந்தைகளுமே கைது செய்யப்பட்டு சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்தக் கொடுமையை அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது? குற்றம் சாட்டப்பட்டவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள். அரசுத் தரப்போ குற்றச்சாட்டையே மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தன. அப்போது கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ.நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். தேசிய பட்டியல் சாதிகள், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அறிக்கை கொடுத்தார். இத்தனைக்கும் பிறகு, 1995-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா ரூ.10 லட்சம் இழப்பீடு வழங்கவும், அப்போதைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

ஒரு புகார் முறையாகப் பதிவாகி, நேர்மையான விசாரணை தொடங்கவே மூன்று ஆண்டுகள் ஆனது. அன்று அந்த மக்களுக்கு இல்லாத சில சட்டப் பாதுகாப்புகள் இன்று இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.

எஃப்.ஐ.ஆர்., சி.எஸ்.ஆர். இரண்டும் ஒன்றா?

இல்லை. குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருட்டு, வழிப்பறி, கொலை முயற்சி, பாலியல் வன்கொடுமை போன்றவை பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றங்கள். இவற்றைப் பற்றித் தகவல் வந்தால், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173-ன்படி முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., பதிய வேண்டும். விசாரணை சட்டப்படி தொடங்குவது இதிலிருந்துதான்.

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது. அது கையில் இருப்பது நல்லதுதான், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. "ரசீது கொடுத்துட்டோம்ல, கூப்பிட்டு விசாரிக்கிறோம்" என்று அனுப்பிவிட்டால், வழக்கு இன்னும் பதிவாகவில்லை என்றுதான் பொருள்.

"முதல்ல விசாரிக்கிறோம், அப்புறம் பதியுறோம்" என்று சொல்லலாமா?

சில வழக்குகளில் சொல்லலாம். கைது செய்யக்கூடிய குற்றம் என்பது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவ அலட்சியம் போன்ற சிலவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுத்தது.

புதிய சட்டம் இன்னொரு விதிவிலக்கைச் சேர்த்திருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். ஆக, "விசாரிக்கிறோம்" என்றால், டி.எஸ்.பி. அனுமதி வாங்கியாச்சா, எந்தத் தேதிக்குள் முடியும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் புகார்களில் எஃப்.ஐ.ஆர். பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. 2018-ல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது.

"இது எங்க ஏரியா இல்லையே" என்றால்?

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு தருமபுரிக்கு பஸ் ஏறுகிறார். கண் விழித்துப் பார்த்தால் லேப்டாப் பையைக் காணோம். திருடு போனது ஓசூரிலா, கிருஷ்ணகிரியிலா, தெரியாது. தருமபுரி ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று பிரிவு 173 சொல்கிறது. இதற்குப் பெயர் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்த பிறகு, சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு மாற்றுவது போலீஸின் வேலை. நீங்கள் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

போனிலேயே புகார் கொடுக்க முடியுமா?

முடியும். மின்னணு முறையில் அனுப்பிய தகவலில் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால் அது பதிவில் ஏறும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் புகார் அனுப்பலாம், எஃப்.ஐ.ஆர்., சி.எஸ்.ஆர். நிலையைப் பார்க்கலாம். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புக், பாஸ்போர்ட் போன்றவை தொலைந்துபோனால் அதற்கான சான்றையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

சேவ் செய்து வைக்க வேண்டிய எண்கள் இவை:

- 112: எந்த அவசரத்துக்கும். 100-ம் உண்டு.
- 1930: ஆன்லைன் பண மோசடி. பணம் போனது தெரிந்த உடனே அழைத்தால்தான், அது கைமாறும் முன் முடக்க வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
- 181: பெண்களுக்கான உதவி எண்.
- 1098: குழந்தைகளுக்கான உதவி எண். குழந்தைத் திருமணம் நடக்கப்போவதாகத் தெரிந்தாலும் இதில் சொல்லலாம்.
- 15100: இலவச சட்ட உதவி.

ஸ்டேஷனில் எதைக் கவனிக்க வேண்டும்?

எப்போது, எங்கே, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்பதை வரிசையாக எழுதுங்கள். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பொய்ப் புகார் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம். வாய்மொழியாகச் சொன்னால், போலீஸ் அதை எழுதி உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பாலியல் குற்றங்களில் பெண் அதிகாரிதான் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும். இக்குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளி என்றால், அவர் வீட்டுக்கே வந்து பதிய வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம்.

அப்போதும் பதிய மறுத்தால்?

முதல் படி, எஸ்.பி. புகாரின் சாரத்தை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம் என்று பிரிவு 173(4) சொல்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது படி, மாஜிஸ்திரேட். எஸ்.பி.யிடமும் பலன் இல்லை என்றால், பிரிவு 175(3)-ன் கீழ் பிரமாணப் பத்திரத்தோடு மனு செய்யலாம். விசாரிக்கும்படி போலீஸுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது இங்கேதான் கைகொடுக்கும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட சில குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 199-ன்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை கிடைக்கலாம்.

1992-ல் வாச்சாத்தி மக்களுக்கு இப்படி ஒரு பிரிவு இல்லை. இன்று இருக்கிறது. ஆனாலும் சட்டம் புத்தகத்தில் இருப்பது வேறு, இரவு பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் தனியாக நிற்பவருக்கு அது தெரிந்திருப்பது வேறு. வாச்சாத்தி பெண்களுக்குப் பக்கபலமாக ஓர் அமைப்பு நின்றும், இறுதி வரை போக 31 ஆண்டுகள் ஆயின. அதனால் முடிந்தவரை துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்க. புகாரின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்க. ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீங்க.