மக்காவோவும் சூதாட்ட வருவாயும்

சீனத் தென்கரையிலுள்ள மக்காவோவில் 1962 முதல் ஒரே நிறுவனத்திடமிருந்த சூதாட்டத் தனியுரிமை, 1999இல் அப்பிரதேசம் சீனாவிடம் மீண்ட பின், 2002இல் நீங்கிற்று. வெளிநாட்டு மூலதனம் பெருகியது. 2006இல் சூதாட்ட வருவாயில் மக்காவோ லாஸ் வேகாஸின் பெருவீதியை விஞ்சியது.

மொத்த வருவாயில் 35 வீதம் அரசுக்கு நேர்வரி; 2008 முதல் குடிகளுக்கு ஆண்டுதோறும் ரொக்கமும் கிடைத்தது. ஆயினும், உள்ளூரார்க்கே உரிய சீட்டுப் பகிரும் பணியின் நல்லூதியம் இளைஞரைக் கல்வியினின்றும் ஈர்த்தது. எனவே கூடங்களில் நுழையவும் பணிபுரியவும் 2012இல் வயதெல்லை 21 ஆக்கப்பட்டது.

2020இல் கொள்ளைநோய் பரவ, வருவாய் முன்னாண்டின் ஐந்திலொரு பங்காகச் சுருங்கியது. சூதைக் கட்டுப்படுத்தும் அரசே சூதை நம்பி வாழ்வதன் இடர் அப்போது தெளிவாயிற்று. ஆகவேதான், 2023இல் தொடங்கிய பத்தாண்டு உரிமங்களின்படி, ஆறு நிறுவனங்களும் சூது சாராத துறைகளிலும் முதலிடக் கடமைப்பட்டன.