போரும் ஏரியும்

போர் என்றால் நம் நினைவுக்கு வருவன வென்றோர் பெயரும் இறந்தோர் தொகையுமே. மண்ணுக்கும் நீருக்கும் என்ன நேர்ந்தது என்று கேட்பார் அரியர். நண்பர்களே, அதைக் கேட்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருப்பதியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சித்தூர். அதன் அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில்தான் 1782 டிசம்பர் 7-ஆம் நாள் ஹைதர் அலி உயிர் துறந்தார்.

அதற்கு இரண்டாண்டு முன்பு, 1780 ஜூலையில், அவர் படை ஆர்க்காட்டுச் சீமையில் இறங்கியது. சென்னைக் கோட்டைக்கு அரிசியும் வைக்கோலும் கிட்டக் கூடாது என்பது அவர் கணக்கு. சுற்றுப்புற ஊர்கள் எரிந்தன. மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. கம்பெனிப் படையோ தானியத்துக்கும் மாட்டுக்கும் அலைந்தது. இருவருக்கும் நடுவே குடியானவன் ஊரை விட்டு ஓடினான். 1782-இல் சென்னையில் பஞ்சம். பின்னாளில் மணியக்காரர் சத்திரம் எனப் பெயர்பெற்ற கஞ்சித்தொட்டி தோன்றியது அப்போதுதான்.

இதில் விஞ்ஞானம் எங்கே என்பீர்கள். சொல்கிறேன். இப்பகுதியில் மழை சில மாதமே, கீழே கடும்பாறை. பெய்த நீரை மண்கரை கட்டித் தேக்கினால்தான் பயிர் உண்டு. தேங்கிய நீர் கசிந்து கிணறுகளையும் ஊட்டும். தெலுங்கில் செருவு, இங்குள்ள தமிழில் ஏரி, நான் பிறந்த வன்னியில் குளம். பெயர் எதுவாயினும் மண்கரை ஆண்டுதோறும் கவனிப்புக் கேட்கும். எலியும் நண்டும் வளை தோண்டும், மழை அரிக்கும். கலிங்கு அடைபட்டால் வெள்ளம் கரைமேல் ஏறி வழியும்; வழிந்தால் ஓரிரவில் கரை அறுந்துவிடும். வயலில் மேல்மண் போய் மணல் மூடும். ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேலேரி உடைந்தால் கீழேரி தாங்காது. ஆகவே படை கடப்பாரை எடுக்க வேண்டியதே இல்லை. குடிமராமத்துச் செய்யும் குடிகளை விரட்டினால் போதும். மீதியை மழை பார்த்துக்கொள்ளும்.

1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் இதைப் பேசினார். கம்பெனி ஜாகீரான செங்கற்பட்டுச் சீமையில் மட்டும் 1,100-க்கு மேற்பட்ட ஏரிகள் இருந்ததை நிலப்படம் கொண்டு காட்டினார். நாடு பாழ்பட்டுக் கிடக்க, வருவாய் ஆர்க்காட்டு நவாபின் கடன்காரர்களுக்குப் போவதைக் கண்டித்தார். பத்தாண்டு கழித்தும் அங்கே கலெக்டர் லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். எரிக்க ஒரு நாள் போதுமே!

மக்கள் உயிர்வாழத் தேவையான பாசன அமைப்புகளைத் தாக்கலாகாது என்று 1977-இல் ஜெனீவா இணைப்பு ஒப்பந்தங்கள் எழுதிவைத்தன. இந்தியாவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை.

2009 ஜனவரியில், இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், வன்னிக் கல்மடுக்குளத்தின் கரை தகர்க்கப்பட்டது. எனக்கு அப்போது ஆறு வயது; அதன் அயலிலிருந்த எங்கள் ஊரை விட்டு நாங்கள் முன்பே நடக்கத் தொடங்கியிருந்தோம். பின்னர் ஊர் திரும்பிய மாமா தொலைபேசியில் அம்மாவிடம் பேசினார். வீட்டுக்குக் கூரை இல்லை என்பதை ஒருமுறைதான் சொன்னார். கிணற்று நீர் இரண்டு பாகம் கீழே போய்விட்டது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.