பயாப்ஸிக்குப் பிறகு எம்.ஆர்.ஐ. எதற்கு?

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பத்தார் சிலர் இப்படிக் கேட்கிறார்கள்: "அத்தாவுக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று பயாப்ஸியிலேயே தெரிந்துவிட்டது. இன்னும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எதற்கு? அந்தப் பணத்தைச் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளலாமே?"

நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டும் வெவ்வேறு விஷயத்தைச் சொல்கின்றன. நோய் இருக்கிறதா, எவ்வளவு வீரியமானது என்பதைப் பயாப்ஸி சொல்லும். அது எதுவரை பரவியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும்.

புராஸ்டேட், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கும் சிறிய சுரப்பி. அதைச் சுற்றி மெல்லிய உறை போன்ற ஒரு படலம் உண்டு. நோய் உறைக்குள் அடங்கியிருந்தால் டி1 அல்லது டி2 நிலை என்பார்கள். உறையைத் தாண்டினாலோ, விந்துப்பைக்குள் போனாலோ டி3. சிறுநீர்ப்பை, மலக்குடல் போன்ற பக்கத்து உறுப்புகளைப் பிடித்தால் டி4.

சிகிச்சையை முடிவு செய்வதில் இந்த நிலைக்குப் பெரிய பங்கு உண்டு. உறைக்குள் இருக்கும் வீரியம் குறைந்த நோயை உடனே அறுக்காமல் கண்காணித்தே வரலாம். உறையைத் தாண்டியிருந்தால் கதிர்வீச்சோடு ஹார்மோன் சிகிச்சையும் தேவைப்படலாம். தாம்பத்தியத்துக்கு உதவும் நரம்புகள் சுரப்பியை ஒட்டியே செல்வதால், அறுவையில் அவற்றைக் காப்பாற்ற முடியுமா என்று மருத்துவர் இந்தப் படத்தைப் பார்த்தே திட்டமிடுகிறார்.

சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பயாப்ஸிக்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அதுவே போதுமா என்று கேளுங்கள். வீண் செலவு மிச்சமாகும். பயாப்ஸியால் உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் படம் தெளிவாக விழாது. அதனால் சில வாரம் பொறுக்கச் சொன்னால் பதற வேண்டாம். இந்த ஸ்கேனில் கதிர்வீச்சு கிடையாது, காந்த சக்திதான். ஆகவே இதயத்தில் பேஸ்மேக்கரோ உடலில் வேறு உலோகமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ.யிலும் மிக நுண்ணிய பரவல் தப்பிவிடலாம். எலும்புக்குப் பரவியதா என்று பார்க்க எலும்பு ஸ்கேன் அல்லது பெட் ஸ்கேன் தேவைப்படலாம்.

ரிப்போர்ட் வந்ததும் மருத்துவரிடம் வெட்கப்படாமல், "உறையைத் தாண்டியிருக்கிறதா?" என்று கேளுங்கள். செலவுக்குச் சிரமப்படுவோர் மருத்துவரின் கடிதத்தோடு அலுவலகத்துக்கு வாருங்கள். இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.