அடம் இல்லைங்க... அது ஆட்டிசம்!

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போக 1-ம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். ஹாரன் சத்தத்தில் ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். "வளர்த்த லட்சணம்!" என்கிறார் பக்கத்தில் ஒருவர். நீங்களும் அப்படித்தான் நினைச்சீங்களா?

அது அடம் இல்லைங்க. ஆட்டிசம் உள்ள பலருக்கு, நமக்குச் சாதாரணமான சத்தமே தாங்க முடியாததாக இருக்கும். இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. வளர்ப்போ, தடுப்பூசியோ காரணமல்ல.

அப்போ ஆஸ்பெர்கர்? பேச்சு தாமதமாகாத, அறிவுத்திறன் குறையாத ஆட்டிசத்துக்கு இருந்த தனிப்பெயர். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் அதை 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. நம்ம 'ஹரிதாஸ்' படம் வந்ததும் அதே வருஷம்தான். அதற்காக எல்லோரிடமும் ஓட்டத் திறமையைத் தேடாதீங்க. "நல்லா படிக்கிறானே, இவனுக்கா ஆட்டிசம்?" என்றும் கேட்காதீங்க. அந்தக் கேள்வியாலேயே உதவி தள்ளிப்போகும்.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, விரல் நீட்டிக் காட்டாத குழந்தையா? 'பையன்னா லேட்டாத்தான் பேசுவான்' என்று காத்திருக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. சான்றிதழ் கேட்பது உங்கள் உரிமை.

பஸ் ஸ்டாண்டில் அந்தச் சிறுவனைப் பார்த்தால் முறைக்காதீங்க, வீடியோ எடுக்காதீங்க. கொஞ்சம் இடம் விட்டு, "உதவி வேணுமாக்கா?" என்று அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்க. போதும்.